படகுக்காரன் விளையாட்டு

குழந்தைகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்லுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குரும்பலூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை நான். பள்ளிக்கு வருகிற கதைப் புத்தகங்களை எல்லாம் முதலில் நான் படிப்பேன். இது மூன்றாம் வகுப்புக்கு, இது ஐந்தாம் வகுப்புக்கு, இது யாருக்குமே வேண்டாம் என்று பிரித்து வைப்பேன். பேய் வந்தால் பீரோவின் மேல்தட்டு. கொலை வந்தால் அதற்கும் மேலே, கை எட்டாத இடம். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படிப்பட்டவள் என் சொந்த மகள் விஷயத்தில், சோப்பு டப்பா அளவுகூட இல்லாத ஒரு விளையாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு விழி பிதுங்கி நின்றேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி லீவில் ஊருக்கு வந்திருந்தான். சென்ட் பாட்டில், தைலம், எனக்கு ஒரு நைலக்ஸ் புடவை எல்லாம் எடுத்துப் பரப்பிவிட்டு, கடைசியாக அந்தப் பெட்டியை எடுத்து என் மகள் கையில் கொடுத்தான். கைக்கடிகாரத்தில் நம்பர் தெரிகிற மாதிரி நடுவில் ஒரு சின்னத் திரை. இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். கூடவே படம் போட்ட ஒரு சின்னப் புத்தகம், இங்கிலீஷில்.

நான்தான் அதைப் படித்துச் சொன்னேன். ஆற்றில் வெள்ளம். கூரைகளின் மேல் ஜனங்கள் நிற்கிறார்கள். ஒரே ஒரு படகுக்காரன். ஒரு நடைக்கு ஒருவரைத்தான் அவனால் ஏற்ற முடியும். முதல் கட்டத்தில் ஊர்க்காரர்கள். இரண்டாம் கட்டத்தில் மரத்தின் மேல் ஏறி நிற்பவர்கள். மூன்றாம் கட்டத்தில் படகுக்காரனின் சொந்த வீடு, அதன் கூரையில் அவனுடைய சின்னப் பையன் தனியாக நிற்கிறான். படகு நேரத்துக்குப் போகாவிட்டால் ஆள் தண்ணீரில் விழுவான், திரையின் மூலையில் ஒரு மண்டை ஓடு வரும். மூன்று மண்டை ஓடு சேர்ந்தால் பீப் பீப்பென்று ஒரு சோகப் பாட்டு. அதோடு ஆட்டம் முடிந்தது.

தம்பியை வெளியே கூப்பிட்டேன். "ஏண்டா, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?" என்றேன்.

அவன் முகம் செத்துப் போயிற்று. "தந்தி வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன்க்கா. ரெண்டு பேருக்கும் சேத்துதான் வாங்கினேன். தண்ணிக் கதைன்னு நான் யோசிக்கவே இல்லக்கா" என்றான்.

ரெண்டு பேர் என்று அவன் சொன்னது என் மகளையும் என் மகனையும். மகளுக்கு ஒன்பது வயது. மகனுக்கு நாலரை வயது. நாலு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மாமனாரின் காட்டில் கடலைக்கொடி பிடுங்கும்போது, அவன் கிணற்றில் விழுந்து போய்விட்டான். எங்கள் பக்கத்துக் காட்டுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. நான் காட்டின் மறுகோடியில் பெண்களோடு உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் கூட இருந்தது என் மகள் மட்டும்தான். அவள் காடு முழுக்க ஓடி வந்து எங்களைக் கூப்பிட்டாள். நாங்கள் ஓடினோம். ஒருத்தர் குதித்துத் தூக்கி வந்தார். தூக்கி வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். பாவாடை முழுக்கச் செம்மண்ணோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். என் வாயிலிருந்து தானாக வந்தது: "தம்பிக்கு ஒண்ணுமில்லடி. திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். சரியாயி வந்துடுவான்."

அன்றைக்கு மத்தியானமே அவளை என் அக்காவோடு அரியலூருக்குப் பஸ் ஏற்றி விட்டேன். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. அன்றைக்கே புதைத்துவிடுவார்கள். பதினாறாம் நாள் என்று பெரிதாக எதுவும் கிடையாது, பெற்றவளும் அங்கே போகக் கூடாது. பத்து நாள் கழித்து அவள் அரியலூரிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு அடையாளமும் இல்லை. சட்டை, செருப்பு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தேன். "தம்பி இன்னும் திருச்சியிலதான் இருக்கான்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

அவள் படித்தது என் பள்ளியிலேயே, நாலாம் வகுப்பு. யாரும் அவளிடம் வாய் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். நாற்பது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நம்பின ஒரே டீச்சர் தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். ஒரு வாரத்தில் அவள் பேச்சை நிறுத்தினாள். வகுப்பில் இல்லை, வீட்டில் இல்லை, யாரிடமும் இல்லை. பெரம்பலூர் டாக்டர் தொண்டையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். என் கணவர், "சொல்லிடலாம், அவளுக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று இரண்டு தடவை கேட்டார். "நேரம் வரட்டும்" என்றேன் நான். உண்மையில் அந்த வாக்கியத்தைச் சொல்ல என் வாய்க்குத் தெம்பு இல்லை. சொல்லாத வரைக்கும் எனக்கும் அவன் திருச்சியில்தான் இருந்தான்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெட்டி வந்தது. பிடுங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் விடவில்லை. மூன்றாம் நாள் நான் சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கூடத்தில் ஒரு குரல் கேட்டது. மூன்று மாதத்துக்கு மேலாக நான் கேட்காத குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"இரு, வரேன். இரு, வரேன்."

களைந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, கூரையில் நிற்கிற பொம்மைகளோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது எனக்குள் ஒரு வழக்கு. இந்த விளையாட்டு இவளுக்கு ஆகுமா, ஆகாதா? பேச வைத்தது அதுதான். ஆனால் மூன்றாவது மண்டை ஓடு வந்ததும் அவள் முகம் வெளுத்துவிடும். சோற்றைத் தொட மாட்டாள். ஒரு நாள் குடித்த பாலை அப்படியே வாந்தி எடுத்தாள். பட்டனை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் நுனி சிவந்து தோல் உரிந்திருந்தது. மருந்தா விஷமா என்று தெரியாத ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் பம்ப்செட் மெக்கானிக். மோட்டார் ரிப்பேர் என்று எந்த ஊரில் கூப்பிட்டாலும் போய்க் கிணற்றுக்குள் இறங்குகிற வேலை. மகன் போன பிறகும் அவர் தினமும் யாருடைய கிணற்றிலாவது இறங்கிக்கொண்டுதான் இருந்தார். அவர் ஒரு நாள் அந்தச் சோகப் பாட்டு கேட்டு என்னவென்று விசாரித்தார். கதையைச் சொன்னேன்.

"தண்ணில உழுந்து சாவுறத ஒரு வெளையாட்டுன்னு வித்துருக்கான். அத எம்புள்ள கையில குடுத்து வச்சிருக்க நீ. டீச்சரு வேற!" என்று கத்தினார்.

"நாலு மாசத்துல அவ வாயத் தொறந்தது இதுகிட்டதான். நீங்க ஒரு வார்த்த பேச வச்சுக் காட்டுங்க, நானே தூக்கிப் போட்டுர்றேன்" என்று நானும் கத்தினேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாரிடமாவது கேட்டால் தேவலை என்று தலைமையாசிரியரிடம் பெட்டியைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, "கணக்குக்கு உதவுமா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வேண்டாம்" என்று கொடுத்துவிட்டார். தம்பியிடம் கேட்டால், "சிங்கப்பூர்ல அத்தன புள்ளைங்களும் ஆடுதுங்க, ஒண்ணும் ஆவலயேக்கா" என்றான். அந்தப் பிள்ளைகள் யாரும் அந்தக் கிணற்றுமேட்டில் நின்றதில்லை என்று அவனுக்குச் சொல்ல வந்து விழுங்கிவிட்டேன்.

சரி, புத்தகத்தைப் படித்துப் பார்த்துத்தானே பிரிக்கிறோம், இதையும் ஆடிப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். பள்ளி நேரத்தில் அவளிடமிருந்து பெட்டியை வாங்கி என் மேஜை டிராயரில் வைத்திருப்பேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. கடைசியில் என்ன ஆகிறது? அந்தப் பையனைப் படகுக்காரன் காப்பாற்றிவிட்டால் கதை எப்படி முடிகிறது? புத்தகத்தில் அது இல்லை.

முதல் வாரம் ஊர்க்காரர்களைக்கூட என்னால் கரை சேர்க்க முடியவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமல், புடவைத் தலைப்பால் விரல் வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஆடினேன். பரீட்சைக்கு நான் அப்படிப் படித்ததில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் மூன்றாம் கட்டத்துக்குப் போனேன். கூரை மேல் அந்தப் பையன். தண்ணீர் கோடு கோடாக ஏறுகிறது. படகைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் ஏறினான். கரைக்கு வந்தான். கரையில் நின்று இரண்டு கையையும் தூக்கினான்.

ஒரு சின்ன மணிச் சத்தம். திரை மறைந்தது. மறுபடியும் முதல் கட்டம். கரை சேர்த்த அத்தனை பேரும் பழையபடி கூரை மேல் நின்றார்கள், தண்ணீர் முன்னைவிட வேகமாக ஏறியது. முடிவே கிடையாது. எத்தனை தடவை காப்பாற்றினாலும் அந்தப் பையன் மறுபடி கூரைக்குப் போய்விடுவான், கடைசியில் ஒரு தடவை விழுந்தே தீருவான். டிராயரை அறைந்து சாத்தினேன். ஒரு டீச்சராக எனக்குச் சந்தேகமே இல்லை, இது மேல்தட்டுக்கும் மேலே போக வேண்டிய சரக்கு. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியைக் கையில் வாங்கியதும் அவள், "இரு, வரேன்" என்றாள். பெட்டியை அவளிடமே விட்டுவிட்டேன்.

வீட்டில் சண்டை வளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் என் கணவர், "நீயும் வேணாம் நானும் வேணாம், அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாத்துரலாம்" என்றார். எங்களுக்கு ஒரு முடிவு எடுக்க முடியாவிட்டால் அதுதான் வழி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், நிலம், ஆபரேஷன் எல்லாம் இப்படி முடிவானதுண்டு. "வெள்ள வந்தா இருந்துட்டுப் போவட்டும். செவப்பு வந்தா நானே கொண்டு போயி கெணத்துல…" என்றவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் கோவிலுக்குப் போனோம். நந்தியாவட்டையும் செவ்வரளியும் நான்தான் பறித்து, வாழையிலைத் துண்டோடு எடுத்துப் போயிருந்தேன். பூவை மடிப்பது பூசாரியின் வேலை. அன்றைக்குக் கூட்டம். "நீங்களே மடிச்சு வைங்க டீச்சர், உங்களுக்குச் சொல்லணுமா?" என்று விபூதித் தட்டோடு போய்விட்டார். டீச்சர் என்றால் அவ்வளவு நம்பிக்கை.

தூணுக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்து நார் கட்டினேன். அரளியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். தெய்வத்தை ஏமாற்றுகிறோம் என்ற பயம்கூட எனக்கு அப்போது இல்லை. என்னிடமிருந்து ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டவளிடம் எனக்கென்ன மரியாதை என்றுதான் இருந்தது. இந்தப் பெட்டியும் போனால் என் மகளின் குரலும் போய்விடும். எனக்கு அது மட்டும்தான் தெரியும்.

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, "எடும்மா பாப்பா" என்றார். அவள் குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார். வெள்ளை. "அம்மன் உத்தரவு குடுத்துட்டா" என்றார். என் கணவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், வெட்கமில்லாமல்.

கண்ணைத் திறந்தபோது என் மகள் இன்னொரு பொட்டலத்தை எடுத்து நாரைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரிக்கிற வழக்கமே இல்லை. அவள் பிரித்தாள். உள்ளே வெள்ளைப் பூ. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"தம்பி திருச்சில இருக்கான்னியே, அந்த மாதிரியாம்மா இதுவும்?"

பூசாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் அவளைத் தோளைப் பிடித்து மெல்ல வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். இடுப்பிலிருந்து அரளிப் பூ ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டு வந்தது.

செருப்பு விடுகிற இடத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். அவளை மடியில் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை. எதிரே நின்றாள். "தம்பி செத்துப் போயிட்டான்டி" என்றேன். அதுதான் நான் அந்த வார்த்தையை முதல் முதலாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் அவன் எனக்கும் செத்தான். வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. "தெரியும். முத வாரமே ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. நீ சொல்லுவன்னுதான் இருந்தேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "அவன் மோட்டாரு பைப்பப் புடிச்சுக்கிட்டுதாம்மா இருந்தான். 'இரு, வரேன்'னு சொல்லிட்டுதான் ஓடி வந்தேன். நான் இன்னும் வேகமா ஓடியிருந்தா இருந்திருப்பானா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. அடுத்த பொய் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. "தெரியலடி" என்றேன். "எனக்குத் தெரியல."

என் கணவர் அவள் முன்னால் குந்தினார். "எனக்குத் தெரியும்மா" என்றார். "அந்தப் பைப்பு பூரா பாசி. மோட்டாரு மாட்டுனது நான்தான். நானே அதப் புடிச்சிட்டு நூறு எண்ணுற வரைக்கும் தொங்க முடியாது. கெணத்துமேட்டுலேருந்து பொம்பளைங்க இருந்த எடத்துக்கு நானே ஓடிப் பாத்தேன். ஒரு தடவ இல்ல, நெறைய தடவ ஓடிப் பாத்தேன். முடியாதும்மா. யாராலயும் முடியாது."

அவர் அந்தக் காட்டில் தனியாக ஓடிப் பார்த்தது எனக்கு அதுவரை தெரியாது. அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். அந்த அழுகையை இங்கே எழுத என்னால் முடியாது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடுங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை நான். ஊர்க்காரர்களைக் கரை சேர்த்தாள். மரத்தின் மேல் நின்றவர்களைக் கரை சேர்த்தாள். மூன்றாம் கட்டம் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். படகு போயிற்று. பையன் ஏறினான். கரைக்கு வந்து இரண்டு கையையும் தூக்கினான்.

மணிச் சத்தம் வருவதற்குள் அவள் தலையிலிருந்த ஹேர்ப்பின்னை உருவிப் பெட்டியின் முதுகில் நெம்பினாள். மூடி தெறித்தது, பொத்தான் மாதிரி இரண்டு பேட்டரி தரையில் உருண்டது. திரை வெறுமையானது. அவள் அந்த இரண்டையும் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"இப்ப அவன் கரையிலயேதான் இருக்கான். நீ மறுபடி போட்டுடாதம்மா" என்றாள்.